பதவியில் இருந்தபடியே தோற்றவர்கள்: கேள்வி – பதில்

திருமுடிவாக்கம், குன்றத்தூர், தாம்பரம் பக்கத்து வாசகர்களின் கேள்விகள் இந்த முறை ஒரே விஷயத்தைச் சுற்றி வந்திருக்கின்றன. நாற்காலியில் இருப்பவர் மறுபடியும் நின்று தோற்றால் என்ன ஆகும்? கொழும்பிலிருந்தும் ஒருவர் சேர்ந்துகொண்டார்.

கேள்வி: அமெரிக்க ஜனாதிபதி தோற்பதும் எங்கள் ஊராட்சித் தலைவர் தோற்பதும் ஒன்றா?
– சிட்கோ தொழிற்பேட்டை ஊழியர், திருமுடிவாக்கம்

பதில்: ஊராட்சித் தலைவர் தோற்பதுதான் கடினம். வாஷிங்டனில் தோற்றவர் மூட்டை கட்டிக்கொண்டு சொந்த மாநிலத்துக்குப் போய்விடலாம். உங்கள் ஊரில் தோற்றவர் மறுநாள் காலை அதே தெருவில்தான் பால் பாக்கெட் வாங்க வேண்டும். 2021 அக்டோபரில் உங்கள் பக்கத்து ஊராட்சிகளில் நடந்த தேர்தலை நினைத்துப் பாருங்கள். தலைவருக்கான இளஞ்சிவப்பு வாக்குச்சீட்டில் பூட்டு சாவி, ஆட்டோ ரிக்‌ஷா மாதிரியான சின்னங்கள்தான். கட்சிச் சின்னம் கிடையாது. ‘தலைமை கைவிட்டது, கூட்டணி கவிழ்த்தது’ என்று சாக்குச் சொல்ல வழியில்லை. தன் சின்னத்தில் விழாத ஒவ்வொரு முத்திரைக்கும் பின்னால் தெரிந்த முகம் ஒன்று இருக்கிறது. அதைத் தாங்கிக்கொண்டு, அடுத்த கிராம சபைக்குச் சாதாரண வாக்காளராக வந்து உட்காருகிறவரை நான் பெரிய மனிதர் என்பேன்.

கேள்வி: எங்கள் பக்கத்தில் பதவியில் இருந்தபடி தோற்ற பெரிய தலைவர் உண்டா?
– கல்லூரி மாணவி, குன்றத்தூர்

பதில்: முதலமைச்சரே தோற்றிருக்கிறார். 1967-ல், ஸ்ரீபெரும்புதூர் சட்டமன்றத் தொகுதியில். எம். பக்தவத்சலம் வெளியூரிலிருந்து வந்து நின்றவர் அல்ல; பூந்தமல்லியை அடுத்த நசரத்பேட்டைக்காரர். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1963-ல் காமராஜர் முதலமைச்சர் பதவியை விட்டு விலகியபோது அந்த இடத்துக்கு வந்தவர். 1962-ல் இதே தொகுதியில் ஜெயித்தவர், 1967-ல் தி.மு.க.வின் டி. ராஜரத்தினத்திடம் ஏறக்குறைய 9 ஆயிரம் வாக்கில் தோற்றார். அந்தத் தேர்தலில் தி.மு.க. 137 இடங்களைப் பிடித்தது. தமிழ்நாட்டில் காங்கிரஸ் ஆட்சி அன்று போனது போனதுதான்.

கேள்வி: பக்தவத்சலத்தைத் தோற்கடித்தது அரிசியா, மொழியா?
– மளிகைக் கடைக்காரர், பல்லாவரம்

பதில்: இரண்டும், இரண்டையும் காதில் வாங்காததும். 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் மாணவர்கள் கையில் தீயாய்ப் பரவியது. அரசு தடியடியாலும் துப்பாக்கியாலும் பதில் சொன்னது. அந்தக் காயம் ஆறுவதற்குள் அரிசித் தட்டுப்பாடு. ரேஷன் கடை வரிசையில் கால் கடுக்க நின்ற வீட்டுக்கு, ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற தி.மு.க.வின் வாக்குறுதி போய்ச் சேர்ந்தது. போராடிய மாணவர்களே ஓட்டுக் கேட்டு வீடு வீடாக நடந்தார்கள். ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. கட்சி வாரியாக எண்ணினால், காங்கிரஸுக்கு விழுந்த வாக்கு தி.மு.க.வுக்கு விழுந்ததைவிடக் குறைவில்லை. ராஜாஜியின் சுதந்திராக் கட்சி உள்ளிட்ட எதிர்க்கட்சிகள் ஒன்றாக நின்றதுதான் இடங்களை அப்படியே புரட்டிப் போட்டது. மக்களின் கோபம் ஓட்டாக மாறலாம். அது ஆட்சியாக மாறக் கூட்டணியும் வேண்டியிருந்தது.

கேள்வி: பள்ளிக்கூடம் திறந்து, மதிய உணவு போட்ட காமராஜரையே தோற்கடித்தோம். நாம் நன்றி கெட்டவர்களா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், அனகாபுத்தூர்

பதில்: இல்லை ஐயா. உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. 1967-ல் அவர் அகில இந்திய காங்கிரஸின் தலைவர். இரண்டு பிரதமர்கள் அமையக் காரணமாக இருந்தவர். அவரை விருதுநகரில் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர் 1,285 வாக்கில் வென்றார். அந்தச் செய்தி கேட்டு அண்ணாவே வருந்தினார். ஆனாலும் ஓட்டு என்பது நேற்றைக்குச் செய்ததற்கான நன்றிக்கடன் அல்ல, நாளைக்கு யார் வேண்டும் என்கிற முடிவு. காமராஜரை மக்கள் வெறுத்திருந்தால், இரண்டே ஆண்டில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் ஜெயிக்கவைத்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருப்பார்களா? அவர் பெயரை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடும் அதே சனம்தான் அன்றைக்கு அவர் கட்சியை இறக்கியது. இரண்டும் சேர்ந்ததுதான் நம் மக்களின் மனசு.

கேள்வி: தோற்றால் அரசியல் வாழ்க்கை முடிந்த மாதிரிதானே?
– ஆட்டோ ஓட்டுநர், குரோம்பேட்டை

பதில்: அண்ணாவைப் பாருங்கள். 1957-ல் காஞ்சிபுரத்தில் ஜெயித்து சட்டமன்றம் போனவர், 1962-ல் அதே சொந்த ஊரில் தோற்றார். அந்த முறை தி.மு.க. 15-லிருந்து 50 இடத்துக்கு வளர்ந்தது. ஆனால் பழைய 15 பேரில் திரும்ப வந்தவர் கருணாநிதி ஒருவர்தான்! கட்சி வளர்ந்து, தலைவர் தோற்ற விசித்திரமான தேர்தல் அது. அண்ணா சோர்ந்து உட்காரவில்லை. மாநிலங்களவைக்குப் போனார், டெல்லியில் தமிழ்நாட்டின் குரலாக நின்றார், ஐந்து ஆண்டு கழித்து முதலமைச்சராக வந்தார். தோல்விக்குப் பிறகு என்ன செய்தார் என்பதை வைத்துத்தான் ஒரு தலைவரை எடை போட வேண்டும்.

கேள்வி: பதவியில் இருந்து தோற்று, மறுபடி அதே பதவிக்கு வந்தவர்கள்?
– போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், தாம்பரம்

பதில்: குறித்துக்கொள்ளுங்கள். இந்திரா காந்தி 1977-ல் பிரதமராக இருந்தபடியே ரேபரேலியில் ராஜ் நாராயணிடம் 55,202 வாக்கில் தோற்றார்; 1980 ஜனவரியில் மறுபடியும் பிரதமர். ஜெயலலிதா 1996-ல் முதலமைச்சராக இருந்தபடியே பர்கூரில் இ.ஜி. சுகவனத்திடம் 8,366 வாக்கில் தோற்றார், அவர் கட்சிக்குக் கிடைத்தது நான்கே இடம். 2001-ல் மீண்டும் முதலமைச்சர். அமெரிக்காவில் குரோவர் கிளீவ்லாந்து 1888-ல் தோற்று 1892-ல் வென்றார். டிரம்ப் 2020-ல் தோற்று 2024-ல் வென்றார். மக்கள் தண்டிக்கவும் செய்வார்கள், இன்னொரு வாய்ப்பும் கொடுப்பார்கள். அதைத் திருந்தப் பயன்படுத்துகிறார்களா என்று கண்காணிப்பது நம் வேலை.

கேள்வி: இந்தியக் குடியரசுத் தலைவர் யாராவது மறுபடி நின்று தோற்றிருக்கிறாரா?
– அதே வாசகர்

பதில்: ஒருவரும் இல்லை. இரண்டு முறை தேர்ந்தெடுக்கப்பட்டவர் ராஜேந்திர பிரசாத் மட்டும்தான். நம் அப்துல் கலாம் 2007-லும் 2012-லும் பெயர் அடிபட்டும் போட்டிக்கு வரவில்லை. மாணவர்களுக்குப் பாடம் நடத்தப் போனார்.

கேள்வி: மகிந்த ராஜபக்ச அவ்வளவு பலத்தோடு இருந்தும் எப்படித் தோற்றார்?
– வாசகர், வெள்ளவத்தை, கொழும்பு

பதில்: பலத்தை அளவுக்கு மீறி நம்பியதால். இரண்டு முறைக்கு மேல் ஒருவர் ஜனாதிபதி ஆக முடியாது என்ற வரம்பை 2010-ல் 18-வது திருத்தத்தால் எடுத்தார். பதவிக்காலம் இன்னும் இரண்டு ஆண்டு இருக்கும்போதே, ஜோதிடர் குறித்துக் கொடுத்த நாளில் தேர்தல் வைத்தார். அவருடைய அமைச்சரவையிலேயே இருந்த மைத்திரிபால சிறிசேன எதிரணியின் பொது வேட்பாளராக வந்து நின்றார். 2015 ஜனவரி 8-ல் சிறிசேனவுக்கு 51.28 சதவீதம், மகிந்தவுக்கு 47.58 சதவீதம். வடக்கிலும் கிழக்கிலும் தமிழரும் முஸ்லிம்களும் திரண்டு போய்ப் போட்ட ஓட்டு இல்லாமல் அந்த முடிவு வந்திருக்காது. போரில் உறவுகளை இழந்த சனத்திடம் மிச்சமிருந்த ஒரே ஆயுதம் வாக்குச்சீட்டு. அதை அவர்கள் வீணாக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். 2022 ஜூலையில், அப்போது ஜனாதிபதியாக இருந்த மகிந்தவின் தம்பி கோட்டாபய ராஜபக்ச இராணுவ விமானத்தில் இரவோடு இரவாக மாலத்தீவுக்குப் பறந்தார். மீதிக் காலத்துக்கு நாடாளுமன்றம் தேர்ந்தெடுத்த ரணில் விக்கிரமசிங்க, 2024 செப்டம்பரில் மக்களிடம் வந்தபோது 17 சதவீதத்தோடு மூன்றாம் இடம். ஓட்டில் தோற்ற மகிந்த அலரி மாளிகையை விட்டுக் கிளம்பிய அன்று நாடு அமைதியாக இருந்தது. ஓட்டுக்குக் காத்திருக்க முடியாத அளவுக்கு மக்கள் வெந்துபோனபோது ஜனாதிபதி மாளிகைக்குள்ளேயே கூட்டம் புகுந்தது. தேர்தல் தோல்வி தலைவருக்கும் பாதுகாப்பு, நாட்டுக்கும் பாதுகாப்பு.

கேள்வி: போலீஸ், பணம், டி.வி. எல்லாம் கையில் வைத்திருப்பவர் எப்படித் தோற்கிறார்?
– தனியார் நிறுவனக் காவலாளி, திருநீர்மலை

பதில்: உண்மையைச் சொல்லும் ஆள் பக்கத்தில் இல்லாததால். தூத்துக்குடியிலிருந்து தோணியில் சரக்குப் போகிறதே மாலத்தீவு, அங்கே கயூம் 30 ஆண்டு ஜனாதிபதி. 2008-ல் முதல்முறையாகப் பல கட்சிகள் போட்டியிட்டன. அவருடைய ஆட்சியில் பலமுறை சிறைக்குப் போன நஷீத் அவரைத் தோற்கடித்தார். ஆண்டுகள் கூடக்கூட ஆள்பவரைச் சுற்றி ஆமாம் போடுகிறவர்கள்தான் மிஞ்சுகிறார்கள். குறை சொல்லும் ஒருவரையாவது கூடவே வைத்திருக்கும் தலைவரைத் தோற்கடிப்பது சுலபம் அல்ல.

கேள்வி: 2015 வெள்ளத்தில் எங்கள் பட்டறை மெஷின் எல்லாம் மூழ்கிப்போனது. அந்தக் கோபம் தேர்தலில் தெரிந்ததா?
– சிறுதொழில் முனைவோர், திருமுடிவாக்கம்

பதில்: உங்கள் பக்கத்தில் தெரிந்தது. டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி திறந்து, அடையாறு கரை மீறி, முடிச்சூரும் வரதராஜபுரமும் மிதந்தன. ஐந்து மாதம் கழித்து 2016 மே தேர்தல். தாம்பரம், பல்லாவரம், ஆலந்தூர் மூன்றும் அ.தி.மு.க. கையிலிருந்து தி.மு.க.வுக்குப் போயின. ஸ்ரீபெரும்புதூர் அ.தி.மு.க.விடமே இருந்தது. மாநிலம் முழுக்கப் பார்த்தால் ஆளுங்கட்சியே மறுபடி ஜெயித்தது. வெள்ளம் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தண்ணீர் வற்றியதும் மறந்துவிடுவார்கள் என்று கணக்குப் போடும் எவரும் இந்த மூன்று தொகுதியை நினைத்துக்கொள்வது நல்லது. மசகு எண்ணெயும் சேறும் கலந்து அப்பிய லேத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தவருக்கு அந்த டிசம்பர் மறக்காது.

கேள்வி: தோல்வியை ஒத்துக்கொள்ளாதவர்களை என்ன செய்வது?
– சட்டக் கல்லூரி மாணவர், வண்டலூர்

பதில்: ஒத்துக்கொண்டவர்களை உரக்கப் பாராட்ட வேண்டும், அதுதான் முதல் மருந்து. 2015-ல் நைஜீரிய ஜனாதிபதி குட்லக் ஜோனாதன், முழு முடிவு அறிவிக்கும் முன்பே எதிர் வேட்பாளர் புஹாரிக்குப் போன் போட்டு வாழ்த்தினார். அந்த ஒரு அழைப்பு எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கும். அடுத்த ஆண்டு காம்பியாவில் யாஹ்யா ஜாமே டி.வி.யில் தோல்வியை ஒப்புக்கொண்டு, ஒரு வாரத்தில் பேச்சை மாற்றினார். பக்கத்து நாடுகளின் படை எல்லைக்கு வந்த பிறகுதான் இறங்கினார். வாஷிங்டனில் 2021 ஜனவரி 6-ல் நாடாளுமன்றக் கட்டடத்தையே, தோல்வியை ஏற்காத டிரம்பின் ஆதரவாளர் கும்பல் உடைத்து நுழைந்தது. பழைய ஜனநாயகம் என்பதால் மட்டும் எந்த நாடும் தப்பிவிடாது. தோற்றவர் இறங்கும் பழக்கத்தை ஒவ்வொரு தேர்தலிலும் புதிதாகக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

கேள்வி: தோற்ற ஜனாதிபதிகளில் உங்களுக்குப் பிடித்தவர்?
– செவிலியர், சானடோரியம்

பதில்: ஜிம்மி கார்ட்டர். 1980-ல் 50 மாநிலங்களில் ஆறை மட்டுமே பிடித்தவர். ஈரானில் 444 நாள் பிணையாக இருந்த 52 அமெரிக்கர்களை மீட்கப் பாடுபட்டார். அடுத்தவர் பதவியேற்ற சில நிமிடங்களில்தான் அவர்கள் விடுதலை ஆனார்கள். அவ்வளவு வலியோடு ஊர் திரும்பியவர், நரம்புச் சிலந்தி நோயை ஒழிக்கக் கிளம்பினார். குளத்து நீரில் வந்து, கால் தோலைக் கிழித்துக்கொண்டு புழு வெளியே வரும் அந்த நோயை நம் ஊர்ப் பெரியவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். 1986-ல் உலகில் சுமார் 35 லட்சம் பேருக்கு இருந்தது; 2023-ல் 14 பேர். தடுப்பூசி இல்லை, மருந்து இல்லை. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கச் சொல்லிச் சொல்லியே சாதித்தார்கள். வெள்ளை மாளிகையில் இன்னொரு நான்கு ஆண்டு கிடைத்திருந்தால்கூட இதைவிடப் பெரிய காரியம் செய்திருப்பாரா என்று தெரியவில்லை.

கேள்வி: எங்கள் தலைவர் நன்றாகத்தான் செய்தார். சுழற்சியில் ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டால் அவர் நிற்க முடியாதே, அது அநியாயம் இல்லையா?
– குடும்பத் தலைவி, பழந்தண்டலம்

பதில்: இல்லை அம்மா. சரிபாதி இடம் பெண்களுக்கு என்று 2016-ல் சட்டம் ஆனது தானாக வந்ததல்ல. பட்டியல் சமூகத்துக்கான ஒதுக்கீடும் அப்படித்தான். நாற்காலிப் பக்கமே போக விடாமல் வைத்திருந்தவர்களுக்காகத் திறந்த கதவு அது. நல்லவர் ஒருவர் ஒதுங்கி நிற்பதால் ஊர் கெட்டுப்போகாது. ஆனால் அவர் மனைவியை நிறுத்திவிட்டு அவரே நாற்காலியில் உட்கார்ந்தால், அதுதான் அநியாயம். நீங்களே ஏன் நிற்கக் கூடாது?

கேள்வி: முதல்முறை ஓட்டுப் போடப் போகிறேன். ஒரே ஒரு அறிவுரை?
– மாணவர், திருமுடிவாக்கம்

பதில்: ஆள்பவரைத் தோற்கடிக்கும் அதிகாரம் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். அவரைக் கேள்வி கேட்கும் அதிகாரம் கிராம ஊராட்சியில் ஆண்டுக்கு ஆறு முறை வருகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கிராம சபையில் வரவு செலவை வாசித்தே ஆக வேண்டும். எந்தத் தெருவுக்கு எவ்வளவு செலவு, தெருவிளக்குக்கு எவ்வளவு, காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் சேர்ந்துதான் கையெழுத்துப் போட்டாரா என்று கேளுங்கள். நன்றாகச் செய்தவரை மறுபடி ஜெயிக்கவையுங்கள். செய்யாதவரை மரியாதையாக வீட்டுக்கு அனுப்புங்கள். இரண்டில் எது சரி என்று தெரிய வேண்டுமானால், அடுத்த கிராம சபையில் கணக்கு வாசிக்கும்போது கையைத் தூக்குங்கள்.