ரோபோவுக்கு ஒரு கைமடி: வேலம்பாளையத்துத் தரைகள் குறித்த முதற்கட்ட ஆய்வு

தானாக உருண்டு தரையைச் சுத்தம் செய்யும் வட்ட இயந்திரத்தைப் பற்றி உலகில் ஆய்வுகள் இல்லாமல் இல்லை. 2006ல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தாரும் 2007ல் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்களும் அதை வைத்திருக்கும் வீட்டாரை விசாரித்து எழுதியிருக்கிறார்கள். பலர் அதற்குப் பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள், அது தடையின்றி ஓடுவதற்காக மேசை நாற்காலிகளை இடம் மாற்றுகிறார்கள் என்றெல்லாம் கண்டு சொன்னார்கள். நல்ல முடிவுகள்தான். ஆனால் பிசிறு என்ற பொருளை இருவருமே கணக்கில் எடுக்கவில்லை. பிட்ஸ்பர்க்கிலும் அட்லாண்டாவிலும் நாய் முடி இருக்கும். வீட்டு முன்னறையில் ஓவர்லாக் மிஷின் இருக்காது. அந்த இடைவெளியை நிரப்பும் பொறுப்பு வேறு வழியில்லாமல் நம் தலையில் விழுகிறது.

ஆய்வுக் களம் 15 வேலம்பாளையம். 2011ல் திருப்பூர் மாநகராட்சியோடு சேரும்வரை தனி நகராட்சி. பெயருக்கு முன்னாலேயே எண் வைத்திருக்கும் ஊர் என்பதால் புள்ளிவிவரத்துக்கு உகந்த இடம் என்று கருதி இறங்கினோம். புள்ளிவிவரம் கிடைக்கவில்லை, பஞ்சுதான் கிடைத்தது. பக்கத்து அனுப்பர்பாளையம் பாத்திரத்துக்குப் பேர் போனது, இங்கே பனியன். பெரிய கம்பெனிகள் ஒரு பக்கம், வீட்டிலேயே ரெண்டு மிஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுப்பவர்கள் மறு பக்கம். மாதிரியாக எடுத்துக்கொண்டது ஒரே ஒரு வீடு. கட்டுரையாளர் சோறு தின்கிற வீடு அது என்பதால் முடிவுகளில் சார்பு இருக்கலாம்.

தூசி என்று மொத்தமாகச் சொல்லிவிட்டால் திருப்பூரில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வட்டப் பின்னல் மிஷினில் நூல் ஊசிகளுக்குள் உரசி ஓடும்போது கழன்று பறப்பது பஞ்சு. நிட்டிங் கம்பெனியில் மிஷினுக்கு மேலே காற்றாடி சுற்றிக்கொண்டே இருப்பது ஆளுக்குக் காற்று வருவதற்கு என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள்; பஞ்சு நூல்மேல் உட்கார்ந்து துணியைக் கெடுக்காமல் ஊதித் தள்ளுவதற்கு அது. ஊதித் தள்ளியது எங்கே போகும்? வேலை விட்டு வருகிறவரின் புருவத்துக்குப் போகும். ஓவர்லாக் மிஷின் தைக்கிற வேகத்திலேயே துணி ஓரத்தைச் சீவித் தள்ளும் மெல்லிய நாடா இன்னொரு இனம். ஃபிளீஸ் துணியை மெத்தென்று ஆக்கும் ரைசிங்கில் கிளம்பும் பொடி கண்ணுக்குப் புலப்படாது, மூக்குக்குப் புலப்படும். இவற்றுக்கெல்லாம் தலைமை பிசிறு: தையல் முடிகிற இடத்தில் தொங்கும் நூல். அதை வெட்டுவதற்கென்றே செக்கிங் செக்‌ஷன் இருக்கிறது, பெரும்பாலும் பெண்கள், கையில் சின்ன டிரிம்மர். வெட்டிய பிசிறு சேலை மடிப்பிலும் தூக்குப்போசி மூடியிலும் டிவிஎஸ் ஃபிப்டி சீட்டிலும் ஏறி வீடு வந்து, ஃபேன் போட்டதும் கட்டிலடியில் மாநாடு கூடுகிறது.

அடுத்து இயந்திரத்தின் வம்சாவளி. 1901ல் லண்டனில் ஹூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர், தூசியை ஊதிக் கலைக்கும் கருவி ஒன்றைப் பார்த்துவிட்டு, ஊதுவதைக் காட்டிலும் உறிஞ்சுவதே மேல் என்று முடிவு கட்டினார். நிரூபிப்பதற்கு உணவகத்து இருக்கையின்மேல் கைக்குட்டையை வைத்து, வாயால் உறிஞ்சினார். மூச்சடைத்துப் போனார். கைக்குட்டையில் அழுக்கு படிந்திருந்தது. பிறகு அவர் செய்த இயந்திரம் குதிரை வண்டியில்தான் வரும். வீதியில் நின்றபடி ஜன்னல் வழியாக வீட்டுக்குள் குழாய் விடும். அமெரிக்காவின் கான்டன் நகரில் ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்ளர் என்ற துப்புரவுப் பணியாளர், ஆஸ்துமாவோடு கூட்டிக் கூட்டிச் சலித்து, துடைப்பக் கட்டையில் தலையணை உறையைக் கட்டி ஒரு மின்கருவி செய்தார். 1908ல் காப்புரிமை கிடைத்தது. அதை வாங்கி விற்றவர்களின் குடும்பப் பெயர் ஹூவர்.

ஆக, இந்த வம்சத்தின் பாட்டன் கைக்குட்டை, அப்பன் தலையணை உறை. இரண்டும் துணி. ஆகவே இயந்திரத்தின்மேல் திருப்பூருக்குப் பூர்வீக உரிமை உண்டு என்பது நம் முதல் முடிவு. அவை நெசவுத் துணி, நம்முடையது பின்னல் துணி, உரிமை கோர வேண்டியது சென்னிமலை அல்லவா என்று ஈரோட்டுப் பக்கத்து அறிஞர்கள் ஆட்சேபிக்கலாம். அந்த வழக்கை இங்கே நடத்த இடமில்லை.

தானாக ஓடும் சந்ததி பிந்தியது. சுவீடனின் எலெக்ட்ரோலக்ஸ் 2001ல் ட்ரைலோபைட்டை விற்பனைக்கு விட்டது. 2002ல் அமெரிக்காவின் ஐரோபோட் கம்பெனி ரூம்பாவை இறக்கியது. எம்.ஐ.டி.யிலிருந்து வந்த மூவர் 1990ல் தொடங்கிய கம்பெனி அது. ஆப்கானிஸ்தான் குகைகளுக்குள் போய்ப் பார்த்துவரும் ராணுவ ரோபோவையும் அவர்களே செய்தார்கள். அண்ணன் குகைக்குள், தம்பி கட்டிலுக்கடியில். மூவரில் ஒருவரான ராட்னி புரூக்ஸ், இயந்திரம் மனிதனைப்போல யோசிக்க வேண்டியதில்லை, பூச்சியைப்போல நடந்தாலே போதும் என்ற கட்சி.

பூச்சி என்றதும் தொல்காப்பியத்துக்குப் போகாமல் தீராது. மரபியலில் உயிர்கள் அறிவின் அளவால் அடுக்கப்படுகின்றன: முதலில் தொடு உணர்வு, அப்புறம் நாக்கு, மூக்கு, கண், செவி, கடைசியில் மனம். முட்டினால் திரும்பும் பழைய ரோபோ ஏறத்தாழ ஓரறிவு, புல்லும் மரமும் இருக்கும் வரிசை. இப்போதையதற்குத் தலையில் லேசர் சுற்றுகிறது. சுவர் எவ்வளவு தூரம் என்று அளந்து வீட்டுக்கே வரைபடம் போடுகிறது. அது கண். குரல் கொடுத்தால் சில மாடல்கள் கேட்கும். அது செவி. நான்கறிவுக்குத் தொல்காப்பியர் காட்டும் நண்டையும் தும்பியையும் தாண்டியாயிற்று. ஆனால் நடுவில் நாக்கையும் காணோம், மூக்கையும் காணோம்! கீழ்ப்படியில் நின்று இரண்டு படியைத் தாண்டிக் குதித்த உயிர் மரபியலில் இல்லை. அதற்கு உரை எழுதிய பேராசிரியர் பார்த்திருந்தால் உரையில் நாலு பக்கம் கூடியிருக்கும்.

ஏட்டுக் குறை என்று இதை ஒதுக்க முடியாது. தவழும் குழந்தையோ நாய்க்குட்டியோ தரையில் செய்துவைத்த காரியத்தை, மூவறிவுள்ள எறும்பு நுகர்ந்து பார்த்து முடிவெடுக்கும். ரோபோ அதை ஹால் முழுக்க, மூலை முடுக்கு விடாமல், கோடு கோடாகப் பூசிவிட்டு, வேலை முடிந்தது என்று போனுக்குத் தகவல் அனுப்பும். கேமரா வைத்த விலை கூடிய மாடல்கள் பார்த்து ஒதுங்கிப் போகும் என்கிறார்கள். விலை கூடினாலும் மூக்கு முளைக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நிலைப்படி விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சாதாரண ரோபோ சுமார் 2 சென்டிமீட்டர் உயரம் ஏறும். நம்மூர் ஆசாரிகள் அந்த அளவில் நிலைப்படி வைத்ததில்லை. அறைக்கு அறை தூக்கிக்கொண்டு போய் இறக்கிவிட வேண்டும்.

கறுப்பு நிறம் அப்படி முடியாது. ரோபோவின் அடிவயிற்றில் அகச்சிவப்பு உணரிகள் இருக்கின்றன. கதிர் போய்த் திரும்பினால் தரை, திரும்பாவிட்டால் பள்ளம். மாடிப்படியில் உருண்டு விழாமல் காப்பது இந்த ஏற்பாடு. கறுப்பு கிரானைட் கதிரை விழுங்கிவிடுவதால், ஹாலைச் சுற்றிக் கறுப்புக் கரை போட்ட வீட்டில் அது கிணற்றடியில் விட்டதுபோல நடுவிலேயே நின்று சுற்றும். சாயப்பட்டறைக்காரர்களுக்கு இங்கே ஒரு செய்தி உண்டு. பருத்தியில் ஏற்றும் கறுப்புச் சாயங்கள் பல நம் கண்ணுக்குத்தான் கறுப்பு. அகச்சிவப்பை அவை தாராளமாகத் திருப்பி அனுப்பும். ஆகவே கிரானைட்டுக்கு அஞ்சிய அதே ரோபோ, கீழே கிடக்கும் கறுப்பு டீசர்ட்மேல் துணிந்து ஏறி, அதைப் பிரஷ்ஷில் சுருட்டிக்கொண்டு முனகி நின்றுவிடும். தரைவரை கண்ணாடி பதித்த அலமாரி இருந்தால் வேறு கூத்து: லேசர் கண்ணாடிக்குள் புகுந்து, அலமாரிக்கு அந்தப் பக்கம் ஓர் அறை இருப்பதாக வரைபடத்தில் காட்டும். வீட்டு வரி ஆபீசுக்கு இந்த வரைபடம் கிடைக்காமல் பார்த்துக்கொள்வது நல்லது.

இனி சாத்திரப் பிரச்சினை. ஒன்றரை ஷிப்ட் முடித்து வீட்டார் எட்டு மணிக்குமேல் வருவதால், ரோபோ அந்தி ஆறரைக்குக் கிளம்பும்படி அமைக்கப்பட்டிருந்தது. வீட்டுப் பாட்டியான அம்முச்சி விளக்கு ஏற்றிவிட்டுத் திரும்பிய நேரம்.

“ஏங் கண்ணு, வெளக்கு வெச்சதுக்கப்புறம் ஆராச்சும் வூடு கூட்டுவாங்களா?”

“அது கூட்டலீங் அம்முச்சி, உறிஞ்சுதுங்.”

“எதையப் பண்ணுனாலும் மகாலச்சுமிய வெளிய தள்ளறது தள்ளறதுதான?”

கேள்வி கனமானது. மரபை ஆராய்ந்தால் விதி இரண்டு அடுக்காக இருக்கிறது. விளக்கு வைத்தபின் கூட்டக் கூடாது. தவிர்க்க முடியாமல் கூட்டினால் குப்பையை வெளியே கொட்டாமல் மூலையில் ஒதுக்கி, விடிந்தபின் எடுக்க வேண்டும். ரோபோ என்ன செய்கிறது? எதையும் வெளியே தள்ளுவதில்லை. அத்தனையையும் வயிற்று டப்பாவில் வைத்துக்கொண்டு சார்ஜர் முன் போய்ப் படுத்துக்கொள்கிறது. இரண்டாம் விதியை இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்த மருமகள் ஊரில் இல்லை. ஜீரோ டிஸ்சார்ஜ் என்ற சொல்லுக்கு இந்த ஊரில் விளக்கம் தேவையில்லை: 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதிலிருந்து, கழிவை வெளியே விடாதவனே யோக்கியன் என்று எல்லாரும் கற்றுக்கொண்டோம். இந்த வாதத்தை முன்வைத்ததும் அம்முச்சி ஒரு நிபந்தனையோடு அனுமதி தந்தார்: காத்தால வரைக்கும் அந்த டப்பாவத் தொறக்கப்படாது.

எல்லாரும் வெளியே போனதும் தானாகவே கிளம்பும் வசதி சில மாடல்களில் உண்டு. யாராவது பயணம் புறப்பட்டுப் போன கையோடு வீடு கூட்டுவது எவ்வளவு பெரிய அபசகுனம் என்பது அந்தப் பொறியாளர்களுக்குச் சொல்லப்படவில்லை போலும். அந்தப் பொத்தானை நாம் அம்முச்சிக்குக் காட்டவில்லை.

காலையில் டப்பாவைத் திறந்தால் பொருளாதாரம் வருகிறது. திருப்பூரில் குப்பைக்கும் ரேட் உண்டு. கட்டிங் வேஸ்ட்டில் வெள்ளைக்கு நல்ல விலை, கலருக்குக் குறைவு. மிஷின் துடைக்கப் போவது ஒன்று, மறுபடி நூலாகப் போவது ஒன்று. ரோபோ திரட்டியதில் பஞ்சு, தலைமுடி, கடுகு, உடைந்த பட்டன், எறும்பு, பூஜையறையிலிருந்து உறிஞ்சிய கோலமாவு எல்லாம் ஒரே உருண்டை. வேஸ்ட் கடையில் காட்டினால் தராசை எடுக்கவே மாட்டார்கள். கலக்காமல் வைத்திருந்தால் காசு, கலந்தால் குப்பை என்ற இந்த ஊரின் அடிப்படை அறம் இயந்திரத்துக்கு எட்டவில்லை.

ஆய்வின் மையம் பிரஷ். ரோபோவைக் கவிழ்த்துப் போட்டால் வயிற்றின் குறுக்கே ஓர் உருளை தெரியும். பாலியெஸ்டர் நூல், லைக்ரா, ஓவர்லாக் நாடா எல்லாம் அதில் இறுக்கிச் சுற்றி, நூல்கண்டாகவே ஆகிவிட்டிருக்கும். இரு முனையிலும் பேரிங்குக்குள் நூல் புகுந்துவிட்டால் உருளை சுற்றாது. ரோபோ பிழை என்று கூவும். யாராவது உட்கார்ந்து, உருளையைக் கழற்றி, நூலுக்கடியில் முனையை நுழைத்து, பிரஷ் மயிர் அறுபடாமல் வெட்டி, இழுத்து எடுக்க வேண்டும். இந்த வேலைக்குக் கத்தரிக்கோல் ஒத்துவராது. டிரிம்மர்தான் சரி. வீட்டில் டிரிம்மர் பிடிக்கத் தெரிந்தவர் நங்கை, அண்ணனின் மனைவி. செக்கிங்கில் நாள் முழுக்கப் பிசிறு வெட்டிவிட்டு வருகிறவர்.

வீட்டுக்கு இயந்திரம் வந்தும் பெண்களின் வேலை நேரம் குறையவில்லை என்று ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983லேயே அமெரிக்காவை வைத்து ஒரு புத்தகம் எழுதினார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, வசதி வந்ததும் சுத்தத்தின் அளவுகோலும் உயர்ந்துவிடுவது. வேலம்பாளையத்தில் அது பாதிதான் பொருந்துகிறது. இங்கே நடந்தது வேறு. பனியன் கம்பெனியில் டெய்லர் தனியாக உட்காருவதில்லை. பீஸை மடித்துக் கொடுக்க, தைத்ததை வாங்கி அடுக்கப் பக்கத்தில் ஒரு கைமடி வேண்டும். ரோபோவும் டெய்லர் ஜாதி. நாற்காலியைத் தூக்கி வைக்க, செருப்பை ஒதுக்க, படி தாண்டி இறக்கிவிட, டப்பா தட்ட, பிசிறு வெட்ட ஆள் இல்லாமல் அதற்கு வேலை ஓடாது. துடைப்பம் இப்படிக் கைமடி கேட்டதில்லை. வேலைக்காரனை வாங்கிவந்தோம் என்று அண்ணன் நினைத்துக்கொண்டிருக்க, வந்தவன் வீட்டிலேயே ஒரு ஆளை வேலைக்குச் சேர்த்துக்கொண்டான் என்பதே நம் தலையாய முடிவு.

இதை நங்கையிடம் வாசித்துக் காட்டினோம். உருளையை முழங்காலில் வைத்து நூலை இழுத்தபடியே கேட்டார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார்.

“ஏனுங்க, கம்பெனில பிசிறுக்குச் சம்பளம் போடறாங்க. இங்க ஒரு பிரஷ்ஷுக்கு என்ன ரேட்டுங்க?”

பஞ்சப்படிக்காக 1984ல் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. அண்ணன் அதை அறிந்தவர். உடனே தொகை எதுவும் சொல்லவில்லை, பேசிக்கலாம் என்றார். நங்கை டிரிம்மரைக் கீழே வைத்துவிட்டார். உருளை தனியே, ரோபோ தனியே மேசைமேல் கிடக்கின்றன. சனிக்கிழமை சம்பளம் வந்ததும் முதல் சுற்றுப் பேச்சு. அதுவரை அண்ணன்தான் சீமாற்றை எடுத்துக் கூட்டுகிறார், விளக்கு வைப்பதற்கு முன்னால்.