லைசென்ஸ் அண்ணன்

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையே மல்லியும் மிளகாயும் விளையும் மானாவாரிக் கரிசல் வட்டாரத்தில், சம்சாரி வீட்டுப் பிள்ளைகளும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து பயிலும் பொறியியல் கல்லூரிகளின் மின்னணுவியல் துறைகளில், சம்பளப் பட்டியல் ஆய்வக உதவியாளர் என்று மட்டுமே குறிப்பிடும் ஒருவர் உண்டு. மாணவர் வழக்கில் அவர் ‘லைசென்ஸ் அண்ணன்’.

மைக்ரோகண்ட்ரோலர் என்னும் சிறு சில்லுக்கு எழுதப்படும் நிரலை அச்சில்லுக்குப் புரியும் குறிகளாக மாற்றித் தரும் தொகுப்பிகளுள், ஜெர்மனியில் பிறந்து 2005இல் ஏ.ஆர்.எம். நிறுவனத்தின் கைக்கு வந்த ‘கீல்’ நம் ஆய்வகங்களில் பெரிதும் புழங்குவது. இன்டெல் 1980இல் வெளியிட்ட 8051 சில்லில் 4 கிலோபைட் நிரல் கொள்ளும். அதற்கான கீலின் விலையில்லாப் பதிப்போ 2 கிலோபைட்டைத் தாண்டியதும் முரண்டு பிடிக்கும். எல்.சி.டி. திரையில் தன் பெயரோடு காதலியின் பெயரையும் ஓடவிட எண்ணிய மாணவன் ‘பிரிண்ட்எஃப்’ கட்டளையைச் சேர்க்க, அது தன் சுற்றத்தாரையெல்லாம் நிரலுக்குள் அழைத்துவர, எல்250 என்னும் பிழைச்செய்தி தோன்றுகிறது. “அண்ணே, லைசென்ஸ் போயிருச்சு” என்று அலறுபவனிடம், “லைசென்ஸ் எங்கயும் போகல தம்பி, நீதான் ரொம்ப எழுதிட்ட” என்பது அண்ணனின் மாறாத தீர்ப்பு.

பல கணினிகள் ஒரே சர்வரிடமிருந்து அனுமதி பெறும் பகிர்வு உரிமத்தில்தான் அவருடைய புலமை முழுதும் வெளிப்படுகிறது. அவ்வுரிமம் பெரும்பாலும் சர்வரின் நெட்வொர்க் கார்டு எண்ணுக்கே எழுதப்படுவதால், ஐப்பசி இடிக்குக் கார்டு கருகினால், சர்வே எண் மாறிய பட்டாவைப் போல அது செல்லாமல் போகிறது. துறைத்தலைவர் விற்பனையாளருக்குக் கடிதம் எழுதச் சொல்வார். அண்ணனோ பழைய கார்டு பிழைக்குமா என்று பார்க்க ஸ்குரூ டிரைவரைத் தேடுவார்.

கோடை விடுமுறை கழிந்த முதல் நாள் அவருக்குத் திருவிழா. வாரக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்த பழைய கணினியில், கடிகாரத்தை ஓடவைக்கும் காசளவு பேட்டரி செத்திருக்க, கணினி பல ஆண்டுகள் பின்னே போய் நிற்கும். உரிமம் தொடங்கும் நாளே இன்னும் பிறக்கவில்லை என்று மென்பொருள் சாதிக்கும். இளம் விரிவுரையாளர்கள் மென்பொருளை நீக்கி மறுபடி ஏற்றிச் சோர்ந்தபின் அண்ணன் வந்து, திரையின் வலக்கோடியிலுள்ள தேதியை மட்டும் பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து புதுப் பேட்டரியை எடுப்பார். காலையிலேயே அது பையில் இருந்ததா என்று எவரும் கேட்டதில்லை. இவற்றில் எதையும் அவர் ஏட்டில் எழுதி வைப்பதுமில்லை. வேலை நிலைக்க அந்த எழுதாமை தேவை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

உரிமத் தொல்லையே இல்லாத, இலவசமாகக் கிடைக்கும் எஸ்.டி.சி.சி. தொகுப்பிக்கு மாறிவிடலாம் என்ற பேச்சு துறைக்கூட்டத்தில் எழும்போதெல்லாம், பாடத்திட்டம், தேர்வாளர், மாணவர் நலன் என்று அடுக்கி முதலில் எதிர்ப்பவர் அவரே. அவருடைய சொந்த மடிக்கணினியில் இருப்பது எஸ்.டி.சி.சி.தான்.