வடைக்குத் தடை, பூச்சிக்குப் பந்தி

நூலகத்துக்குள் தின்பண்டம் கூடாது என்பதில் நியாயம் உண்டு. பிஸ்கட் துகளைத் தேடிக் கரப்பான் வரும், எலி வரும். டீக்கறை பக்கத்தை விட்டுப் போகாது. ஆனால் பழைய புத்தகத்தின் முதுகை ஒட்டியிருப்பதே மாவுப் பசைதான். வெள்ளிமீன் பூச்சி அதைச் சாவகாசமாகச் சாப்பிடுகிறது. அதற்கு எந்த அறிவிப்புப் பலகையும் பொருந்துவதில்லை. மழைக்கு ஒழுகும் கூரையிடம் யாரும் உறுப்பினர் அட்டை கேட்பதும் இல்லை.

தடையைத் தளர்த்தினால் நூலகம் டீக்கடையாகிவிடும் என்பார்கள். இரவல் போன அதே புத்தகம் வீட்டில் நாள்கணக்காகச் சாம்பார்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில்தான் குடியிருக்கிறது. விதியோ நூலக வாசற்படியோடு நின்றுவிடுகிறது. 1896-இல் திறந்த சென்னை கன்னிமாரா நூலகத்தின் அரிய நூல்களுக்கு அருகே தண்ணீர்கூட வேண்டாம், சரி. போட்டித் தேர்வுக்காகக் காலை முதல் மாலை வரை கிளை நூலகத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு மூடிபோட்ட பாட்டிலும், டிபன் பாக்ஸைத் திறக்க ஓர் இடமும் வேண்டாமா? சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தானே கட்டுகிறோம்! வராண்டாவில் ஒரு பெஞ்சு போடுங்கள். தடையைப் பூச்சிக்குப் போடுங்கள்.