நளனும் தமயந்தியும், எதிர் பிளாக் மூன்றாவது மாடி

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மேல் மிக்ஸி விட்டு விட்டு ஓடினால் அது சட்னி அல்ல. சட்னி அரைப்பவர்கள் ஒரே மூச்சில் அரைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். இது அரைத்து, நிறுத்தி, மூடியைத் திறந்து, இரண்டு தலைகளும் உள்ளே எட்டிப் பார்த்து, ஃபோனில் இருக்கும் படத்தோடு ஒப்பிட்டு, "இன்னும் கொஞ்சம் நைசா" என்று தீர்மானம் நிறைவேற்றி, மறுபடி ஓட விடுவது. அடுக்ககத்தில் குடியிருப்பவர்களுக்கு இந்தச் சத்தம் நன்றாகப் பழகியிருக்கும். அது ஓய்ந்து ஒரு மணி நேரத்தில் காலிங் பெல் அடிக்கும் என்பதும் தெரிந்திருக்கும்.

வாசலில் இருவருமே நிற்பார்கள். டப்பா கொடுக்க ஒருவர் வந்தால் போதாதா என்று கேட்கக் கூடாது. சேர்ந்து செய்ததைச் சேர்ந்துதான் கொண்டுவர வேண்டும். கணவர் கையில் டப்பா, மனைவி கையில் ஸ்பூன். ஸ்பூன் எதற்கென்றால், எடுத்துவருகிறேன் என்று நாம் உள்ளே போய் அப்படியே இருந்துவிடக் கூடாதே.

"அங்கிள், புதுசா ஒண்ணு ட்ரை பண்ணோம். சும்மா ஒரு வாய். மனசுல பட்டதை அப்படியே சொல்லணும், ஓகேவா?"

ஒரு வாய் வைத்துக்கொண்டு, "நல்லா இருக்கே" என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் இந்த ரகத்தோடு பழகாதவர்கள். எங்கள் காலத்தில் நல்லா இருக்கு என்றால் பேச்சு முடிந்தது, அடுத்து மழை வருமா வராதா என்று பேசலாம். இவர்களிடம் விசாரணையே அங்கேதான் ஆரம்பம். "அப்படிப் பொதுவா சொல்லாதீங்க அங்கிள். எது நல்லா இருக்கு? டெக்ஸ்சரா, ஃப்ளேவரா?" வாயில் இருப்பது கூட்டா அல்வாவா என்றே இன்னும் முடிவுக்கு வராத மனிதனிடம் கேட்கிறார்கள். நாம் மெல்லுவதை இரண்டு பேரும் இமைக்காமல் பார்க்கிறார்கள். விழுங்கும்போது நம் தொண்டையையும் பார்க்கிறார்கள்.

சரி, ஏதாவது சின்னதாக ஒரு குறை சொல்லிவைப்போம் என்று, "உப்பு ஒரு சிட்டிகை தூக்கலோ?" என்று ஆரம்பித்தால் தொலைந்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல?"

"எங்கம்மா சொன்ன? சோயா சாஸ்லயே உப்பு இருக்குன்னுதான் சொன்ன."

"அப்படீன்னா என்னப்பா அர்த்தம்? உப்பைக் குறைன்னுதானே?"

"அதை அப்படிச் சொல்லணும்ல?"

நம் வாசலில், நம் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், நாம் ஸ்பூனும் கையுமாக நிற்க, வழக்கு நடக்கும். நடுவில் சாட்சியைக் கூண்டில் ஏற்றுவார்கள். "அங்கிள், நீங்களே சொல்லுங்க. இது உப்பா, இல்ல புளிப்பு சேர்ந்ததால உப்பு மாதிரித் தெரியுதா?" சாட்சி எந்தப் பக்கம் பேசினாலும் அன்று ராத்திரி மூன்றாவது மாடியில் சாப்பாடு பேச்சுவார்த்தை இல்லாமல்தான் நடக்கும்.

குறை சொன்னவருக்கு அடுத்த ஞாயிறு திருத்திய பதிப்பு வரும். "நீங்க சொன்னீங்கன்னுதான் அங்கிள் உப்பைக் குறைச்சு மறுபடி பண்ணினோம்." பாராட்டியிருந்தால் விட்டுவிடுவார்களா? இதைவிடப் பெரிய டப்பாவில் வரும், "உங்களுக்குப் பிடிச்சுதேன்னு" என்ற அடைமொழியோடு.

எங்கள் பிளாக் இரண்டாம் மாடியில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் இருக்கிறார். கடன் கேட்டு வந்தவர்களை முப்பது வருஷம் நாசூக்காகத் திருப்பி அனுப்பியவர். அந்த அனுபவத்தை நம்பி, "எனக்குச் சர்க்கரை, ஸ்வீட் தொடுறதில்ல" என்றார். அடுத்த வாரம் சீனித்துளசி போட்ட பிரௌனி போனது. "இன்னிக்கு சஷ்டி, சாதம் சேர்க்க மாட்டேன்" என்றார். மராட்டியர்கள் விரத நாளில் சாப்பிடும் ஜவ்வரிசிக் கிச்சடி, வேர்க்கடலையைப் பொடித்துப் போட்டு, போனது. "பல்லு பிடுங்கியிருக்கேன்" என்றார். சூப் போனது, கூடவே ஸ்ட்ரா. இப்போதெல்லாம் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வீட்டுக்குப் போய்விடுகிறார். மாப்பிள்ளை என்ன நினைக்கிறாரோ, அது அவர்கள் குடும்ப விஷயம்.

இந்த ரகம் பெரும்பாலும் 2020 ஊரடங்கில் முளைத்தது. டால்கோனா காபி என்று ஒன்று கொரியாவிலிருந்து வந்து, டிகாக்‌ஷன் இறங்கும் வீடுகளிலெல்லாம் இன்ஸ்டன்ட் காபித்தூளைச் சர்க்கரையோடும் வெந்நீரோடும் போட்டுக் கை கடுக்கக் கடைந்தார்களே, அப்போது. ஊரடங்கு போனதும் மற்றவர்கள் கை கழுவிவிட்டார்கள். இவர்கள் கடைந்துகொண்டே இருந்தார்கள். 2023-ஐச் சர்வதேச சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. சபை அறிவித்தது, அறிவிக்கும் முன் எங்கள் அடுக்ககத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வருஷம் முழுக்க வரகில் பிஸ்ஸா, சாமையில் சூஷி, குதிரைவாலியில் கேக். குதிரைவாலி கேக்கை அசோசியேஷன் கூட்டத்தில் வைத்தார்கள். தண்ணீர் லாரிக் கட்டணத்தை உயர்த்தும் தீர்மானம் அன்று மறுபேச்சில்லாமல் நிறைவேறியது. யார் வாயிலும் பேச இடமில்லை.

வேறு பழக்கங்களும் உண்டு. வெங்காயம் சிவந்துவிட்டது என்று அந்த வீட்டில் சொல்ல மாட்டார்கள், மையார் ரியாக்‌ஷன் நடந்துவிட்டது என்பார்கள். மையார் என்ற பிரெஞ்சு வேதியியல்காரர் 1912-இல், சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் சேர்ந்து எப்படிப் பழுப்பாகின்றன என்று எழுதி வைத்தார். அதற்கு முன்பும் நம் வீடுகளில் வெங்காயம் சிவந்துகொண்டுதான் இருந்தது. ஒரு ஸ்பூன் எடுத்துவிட்டு மூடி வைத்த பாட்டில்கள், டப்பாக்கள், சீனத்து எழுத்துப் போட்ட பாக்கெட்டுகள் எல்லாம் ஃபிரிஜ் கதவில் காலாவதித் தேதியை நோக்கி வரிசையில் நிற்கின்றன. அதையெல்லாம் நான் எட்டிப் பார்க்கப் போவதில்லை.

தராசை மட்டும் சொல்லியாக வேண்டும். கணவர் எலக்ட்ரானிக் தராசு இல்லாமல் கடுகுகூடத் தாளிப்பதில்லை. மீனாட்சி அம்மாள் 1951-இல் வெளியிட்ட 'சமைத்துப் பார்' புத்தகத்தின் பழைய பிரதி ஒன்று மனைவியின் பாட்டி வீட்டிலிருந்து அவர் கைக்கு வந்து சேர்ந்தது. அதில் ஆழாக்குக் கணக்கு. எட்டு ஆழாக்கு ஒரு படி என்று சொல்லிக் கொடுத்தேன். "அது சரி அங்கிள், ஒரு ஆழாக்கு எத்தனை கிராம்?" அரிசியென்றால் ஒரு எடை, உளுந்தென்றால் ஒரு எடை, மாவென்றால் வேறொரு எடை, ஆழாக்கு என்பது பாத்திரம் கொள்ளும் அளவு, எடைக்கல் அல்ல என்றேன். முகம் வாடிவிட்டது. மறுநாள் ஒவ்வொரு சாமானாக ஆழாக்கில் கொட்டி நிறுத்து, எக்ஸெலில் அட்டவணை போட்டு, எனக்கும் அனுப்பிவைத்தார். அந்த அட்டவணை என்னவோ உண்மையிலேயே உபயோகமானதுதான்.

நான் திருநெல்வேலிக்காரன் என்பது எப்படியோ வெளியே தெரிந்துபோனது. ஒரு ஞாயிறு, "அங்கிள், உங்க ஊர் ஸ்பெஷல்!" என்று டப்பாவை நீட்டினார்கள். சொதியாம்.

எங்கள் பக்கத்துச் சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள், மறுவீட்டுச் சாப்பாட்டில் மாப்பிள்ளைக்குப் போடுவது சொதி. தேங்காயை அரைத்து மூன்று தடவை பால் எடுப்பார்கள். மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் காய் வேகும், பாசிப்பருப்பு வெந்து சேரும். கெட்டியான முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, நுரை கூடி வரும்போதே இறக்கிவிட வேண்டும். கொதிக்க விட்டால் திரிந்துபோகும். எலுமிச்சம்பழம் பிழிவதும் இறக்கிய பிறகுதான். அத்தனை தேங்காய்ப்பாலும் செரிக்க வேண்டுமே, அதற்காகத் தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி.

டப்பாவில் பச்சையாக மிதந்தது ப்ரொக்கோலி. முருங்கைக்காய்க்குப் பதில். சின்ன வெங்காயம் உரிக்கப் பொறுமை இல்லாததால் பெரிய வெங்காயம் நீளவாக்கில். தேங்காய்ப்பால் அட்டைப் பெட்டியில் வந்ததால் முதல் பால், இரண்டாம் பால் என்ற பேதமே ஒழிந்துவிட்டது. இஞ்சிப் பச்சடி இல்லை, அந்தக் குறை தெரியாமலிருக்க உள்ளேயே எலுமிச்சைப் புல். "தாய் கறியும் இதுவும் கிட்டத்தட்ட ஒரே கான்செப்ட்தானே அங்கிள்?" திரிந்திருந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"இப்ப சொல்லுங்க, என்ன குறையுது?"

தாமிரபரணி என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். என் மனைவி முந்திக்கொண்டாள். "ஒண்ணும் குறையல தாயி, எல்லாம் கூடத்தான் இருக்கு."

பாராட்டென்று எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனார்கள்.

போனது டப்பாவை வைத்துவிட்டு. வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று நம் வீடுகளில் ஒரு சட்டம் இருக்கிறதே. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கரண்டி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். என் மனைவி சர்க்கரையோடு நிறுத்துகிறவள் அல்ல. தேன்குழல் பிழிந்திருந்தால் தேன்குழல், இல்லையென்றால் இட்லி மிளகாய்ப்பொடி, நெல்லிக்காய் ஊறுகாய். வீட்டுக்குள் ப்ரொக்கோலி வருகிறது, வீட்டிலிருந்து தேன்குழல் போகிறது. இந்த வியாபாரத்தில் யாருக்கு லாபம் என்பதற்குக் கணக்குப்பிள்ளை தேவையில்லை. அதிலும் அவர்கள் விடுவதில்லை. "ஆன்ட்டி, வெண்ணெய் எவ்வளவு?" "பிசையும்போது தெரியும்." "கிராம்ல?" "கைக்குத் தெரியும்ப்பா." அவர் அதையும் ஃபோனில் குறித்துக்கொண்டார்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் பால்கனியில் நின்றால் அவர்கள் அடுப்படி ஜன்னல் தெரியும். கரண்டியிலிருந்து அவர் ஒரு சொட்டு எடுத்து, ஊதி, மனைவியின் உள்ளங்கையில் விடுவார். அந்தப் பெண் அதை நக்கிப் பார்த்து, கண்ணை மூடி, சற்று யோசித்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவாள். அவர் ஓடிப்போய்ப் புளித்தண்ணீர் எடுத்து வருவார். கை இரண்டும் மாவாக இருப்பதால் முழங்கையால் ஃபோன் திரையைத் தள்ளித் தள்ளி அடுத்த வரியை வாசித்துக் காட்டுவார். என் அப்பா அடுப்படிக்குள் கால் வைத்து நான் பார்த்ததில்லை. ரசத்தில் உப்பில்லை என்றால் தட்டைத் தள்ளி வைப்பார், அதுதான் அந்தக் காலத்துக் கருத்துக் கேட்பு. அந்த ஜன்னலைப் பார்க்கும்போது, போகட்டும், இன்னும் நான்கு டப்பா வந்தாலும் தின்றுவிடலாம் என்றுதான் தோன்றும்.

ஆனால் திங்கட்கிழமையும் அதே ஜன்னல்தான். காலை ஆறு மணிக்கு அங்கே ஒரு தலைதான் தெரியும். குக்கர் ஒரு பக்கம், பீன்ஸ் ஒரு பக்கம், இரண்டு பேருக்கும் மதியச் சாப்பாடு டப்பாவில் அடைத்து, பையில் வைத்து, தானும் ஆபீசுக்குக் கிளம்பியாக வேண்டும். அந்த நேரம் கணவர் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கீழே நடைபயிற்சியில் எட்டாவது சுற்றில் இருப்பார். வெள்ளி வரை இப்படித்தான். அந்தப் பீன்ஸ் பொரியலின் டெக்ஸ்சரை யாரும் யாரிடமும் கேட்டதாகத் தெரியவில்லை. தராசும் எடுக்கப்படுவதில்லை. "எங்க வீட்ல ரெண்டு பேரும் சேர்ந்துதான் அங்கிள் சமைக்கிறோம்" என்று அவர் என் வாசலில் நின்று சொல்லும்போது, அந்தப் பெண் டப்பா மூடியைத் திருகுவதில் மும்முரமாக இருப்பாள். எனக்கு இது பிடிக்கவில்லை. சொல்லவும் வழியில்லை. கேட்பதெல்லாம் உப்பைப் பற்றித்தான்.

இன்னொருவருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைச் சமையலே பிடிக்கவில்லை. அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பாத்திரம் தேய்க்க வரும் அக்கா. திங்கட்கிழமை அந்த வீட்டில் மட்டும் ஒரு மணி நேரம் கூடுதல். சீஸ் காய்ந்த தட்டு, அடிப்பிடித்த இரும்புச் சட்டி, மிக்ஸி ஜார் மூன்றும், அளவுக் கரண்டிகள் சின்னதிலிருந்து பெரியது வரை, மாவு கட்டிப்போன சல்லடை. சம்பளத்தில் கூட்டிக் கேட்டார். மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது. கூடவே ஒரு டப்பாவும் கொடுத்தார்கள். மறுநாள் அவரையும் விடவில்லை.

"என்னக்கா குறையுது? தயங்காமச் சொல்லுங்க."

"பாத்திரத்தைக் கொறைங்கம்மா."

அக்காவின் யோசனையை இருவரும் மிகவும் மதித்தார்கள். அடுத்த ஞாயிறு, எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஒரே பாத்திரத்தில் செய்யும் பாஸ்தா. அந்த ஒரே பாத்திரம் வியாழக்கிழமை வரை பால்கனியில் ஊறிக்கொண்டிருந்தது.