ஒரே ரெய்டில் ஜாதகம்

ஆலங்காயத்துக்குப் பக்கத்தில், காவலூர் காட்டில், 2.34 மீட்டர் ஆடியோடு வைணு பாப்பு தொலைநோக்கி நிற்கிறது. ஒரு நட்சத்திரத்தைப் பற்றி வாய்திறக்கும் முன் அங்கே ராத்திரி ராத்திரியாக அளப்பார்கள். நம்ம டீக்கடை கபடி ரசிகருக்கு ஒரு வீரரின் ஜாதகம் கணிக்க ஒரே ரெய்டு போதும்; மேகமூட்டமும் தடையில்லை.

2022இல் தமிழ் தலைவாஸ் கபடி அணி 2.26 கோடி ரூபாய் கொட்டி எடுத்த பவன் செராவத், முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயத்தில் உட்கார்ந்தார். பாரம் புதுமுகம் நரேந்தர் தலையில்.

"சின்னப் பையன், தேறமாட்டாம்பா" என்றது டீக்கடை பெஞ்சு.

பையன் 200 ரெய்டு புள்ளிகளைத் தாண்டினார். அணி முதன்முறையாக அரையிறுதி பார்த்தது. சிறந்த புதுமுகம் விருதும் அவருக்கே.

"நான் அப்பவே சொல்லல?" என்றது அதே பெஞ்சு. கடைக்காரர் மட்டும் கடன் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.