விசுவாசக் கணக்குப்பிள்ளை

பெரம்பலூர் பக்கத்துக் குரும்பலூர் டீக்கடையில் கிரிக்கெட்டுக்கும் கபடிக்கும் ஆள் உண்டு. பெண்கள் பாஸ்கெட்பாலுக்கு ஒரே ஒருவர்தான். அவரே தேர்வுக்குழு, அவரே நடுவர், அவரே தண்டனை வழங்கும் நீதிபதி. அறுபதை நெருங்கும் சின்ன வெங்காய விவசாயி. மே மாதம் பிறந்துவிட்டால் அமெரிக்க மகளிர் லீக் பார்க்க விடிகாலையிலேயே போனும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். யார் எந்த அணிக்குக் கையெழுத்துப் போட்டார் என்பது அவருக்குக் குடும்ப மானப் பிரச்சினை.

கேண்டஸ் பார்க்கரை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்பார்க்ஸில் 13 சீசன் ஆடியவர், 2021-இல் சிகாகோ ஸ்கைக்குப் போனார். சிகாகோ பக்கம்தான் அவர் வளர்ந்த ஊர். போன அதே வருஷம் கோப்பையும் வாங்கிக் கொடுத்தார். "பொறந்த வீட்டுக்குப் போறதா இருந்தா ரிட்டயர் ஆயிட்டுப் போவட்டுமே" என்பது இவர் தீர்ப்பு.

டயானா டௌராசி என்றால் மட்டும் குரல் குழையும். 2004 முதல் 2024 வரை பீனிக்ஸ் மெர்க்குரி ஒன்றுதான். அதே டௌராசி 2015 சீசன் முழுக்க பீனிக்ஸுக்கு ஆடவில்லை. ஓய்வெடுக்கச் சொல்லிப் பணம் கொடுத்தது அவருடைய ரஷ்ய கிளப். கேட்டால், "அது லீவு. தாவல் இல்ல."

உள்ளூர்க் கணக்கு இன்னும் கறார். கோட்டயத்து கீத்து அன்னா ஜோஸ் சென்னைக்கு வந்து தெற்கு ரயில்வேக்கு ஆடியது நமக்குப் பெருமை. ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் கிளப்புக்கு ஆடியதும், 2011-இல் மூன்று அமெரிக்க அணிகளின் தேர்வுக்குப் போனதும் பெருமையோ பெருமை. தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி ரயில்வேயில் சேர்ந்து, தேசியப் போட்டியில் தமிழ்நாட்டுக்கு எதிராகவே பந்தைப் போட்டால் மட்டும் துரோகம். பத்மஸ்ரீ வாங்கிய தமிழ்நாட்டு வீராங்கனை அனிதா பால்துரையும் தெற்கு ரயில்வே ஊழியர்தானே என்று யாராவது இழுத்தால், டீ ஆறிப்போனதாகச் சொல்லி எழுந்துவிடுவார்.

இவ்வளவுக்கும் வெங்காயத்தை அவர் ஒரே மண்டிக்குப் போட்டதே கிடையாது. கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடினால் திருச்சி, இல்லாவிட்டால் துறையூர்.

நம் ஊரில் பெண்கள் பாஸ்கெட்பாலில் ஏலமும் கிடையாது, கோடியும் கிடையாது. இங்கே கையெழுத்து என்றால் பெரும்பாலும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வரும் வேலை ஆர்டரில் போடுவதுதான். முட்டி தேய்வதற்குள் அது வந்தாக வேண்டும். அமெரிக்காவிலேயே 2024-இல் புதுமுக நட்சத்திரம் கெய்ட்லின் கிளார்க்குக்கு முதல் வருஷ அணிச் சம்பளம் 76,535 டாலர்தான். அங்கே ஆண்கள் லீக்கில் புதுமுகம்கூட அதைப் பார்த்துச் சிரிப்பார்.

இதையெல்லாம் அவரிடம் சொல்லிப் பயனில்லை. சொல்ல வேண்டியவள் தம்பி மகள். கல்லூரி அணியில் ஆடுகிறவள் ஒருநாள் ரயில்வே ட்ரையல் கடிதத்தோடு வந்து நின்றாள்.

"போவட்டுமா பெரியப்பா? தமிழ்நாட்டுக்கு எதிரா ஆட வேண்டி வரும்."

பெரியப்பா கடிதத்தை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெரம்பலூரில் ரயில் நிலையம் இல்லை. அரியலூருக்குப் போய்த்தான் சென்னை வண்டி பிடிக்க வேண்டும். மறுநாள் அவளுடைய பையைத் தானே தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். பாதி வழிவரை பேச்சில்லை. அப்புறம் மெல்ல ஆரம்பித்தார்:

"ஏம்மா, ரயில்வேல ஃப்ரீ பாஸ் குடுப்பாங்களே... அதுல பெரியப்பா பேரச் சேக்க முடியுமா?"