வால்வு மேல் பழி போடாதீர்கள்

கே: இங்கிலாந்தில் ஓர் ஏலத்தில் 1950-களின் ஸ்டூடியோ வால்வு மானிட்டர் வாங்கினேன். பிளக்கைச் செருகிப் பார்க்கலாமா?

ப: வேண்டவே வேண்டாம்! உள்ளே ஷார்ட் ஆன கண்டன்சர் ஒன்று இருந்தால் போதும், போகிற போக்கில் டிரான்ஸ்ஃபார்மரையும் கூட்டிக்கொண்டு போய்விடும். அதற்கு மாற்று கிடைப்பது குதிரைக்கொம்பு. முதலில் மின்வழியில் சீரிஸாக ஒரு பல்பு போட்டு மின்சாரம் கொடுங்கள். எல்.இ.டி. உதவாது, பழைய இழை பல்புதான் வேண்டும். அது பளீரென்று எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.

கே: வால்வு ஒன்றில் தகடு சிவக்கிறது. புதுசு போடட்டுமா?

ப: புதுசும் சிவக்கும்! குற்றவாளி பெரும்பாலும் பக்கத்திலுள்ள காகிதக் கண்டன்சர். முந்தைய வால்வின் தகட்டிலிருக்கும் நூற்றுக்கணக்கான வோல்ட் டி.சி.யை அடுத்த வால்வின் கிரிட்டுக்குப் போகாமல் தடுப்பதுதான் அதன் வேலை. வயதாகி ஈரம் ஏறியதும் கசிய விடுகிறது. கிரிட் பாசிட்டிவ் பக்கம் நகர, வால்வு தாங்கமுடியாத கரண்டை இழுத்துத் தவிக்கிறது. 630 வோல்ட் பாலியெஸ்டர் கண்டன்சர் போடுங்கள். ஒன்றை மாற்றி, சோதித்து, அப்புறம் அடுத்தது. மொத்தமாகக் கழற்றினால் எங்கே தப்பு செய்தோம் என்று ராத்திரி முழுக்கத் தேட வேண்டியதுதான். பழைய காகிதக் குழலுக்குள்ளேயே புதியதை ஒளித்துவைத்து மெழுகால் மூடுகிறவர்கள் உண்டு. கும்பிடத் தோன்றும் வேலை அது!

கே: படக்குழாயைத் தொடப் பயமாக இருக்கிறது.

ப: அந்தப் பயம் இருக்கட்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். ஒருமுறை டிஸ்சார்ஜ் செய்தாலும் கொஞ்சம் திரும்ப ஊறும், மறுபடி செய்யுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். கழுத்தைப் பிடித்துத் தூக்கவே கூடாது.

கே: டி.வி.டி. பிளேயரை இணைத்தேன். படம் கிழிந்து ஓடுகிறதே?

ப: மானிட்டர் சரியாகத்தான் இருக்கிறது! படத்தை வரையும் வரிக் கணக்குதான் வேறு. 1936 நவம்பர் 2-ல் லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸில் பி.பி.சி. ஒளிபரப்பைத் தொடங்கியபோது பெயர்டின் 240 வரியும் மார்க்கோனி-இ.எம்.ஐ.யின் 405 வரியும் மாறி மாறி ஓடின. சில மாதங்களில் 405 ஜெயித்து, 1985 ஜனவரி வரை நீடித்தது. உங்கள் மானிட்டர் நொடிக்கு 10,125 வரி எதிர்பார்க்கிறது. 625 வரி பிளேயர் 15,625 அனுப்புகிறது. நடுவே ஸ்டாண்டர்ட்ஸ் கன்வெர்ட்டர் வேண்டும்.

கே: இவ்வளவு பாடு எதற்கு? உள்ளே எல்.சி.டி. வைத்துவிட்டால்?

ப: தயவுசெய்து வைக்காதீர்கள். அந்த மானிட்டரின் ஒவ்வொரு இணைப்பையும் யாரோ ஒருவர் கையால் பற்றவைத்திருக்கிறார். பிடுங்கிவிட்டால் மிஞ்சுவது வெறும் தகரப் பெட்டி. பொறுமை இல்லையென்றால் பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் அப்படியே கொடுத்துவிடுங்கள், ஒரு ஸ்க்ரூகூடத் திருகாமல்.